சம்பளம் பெற்றுத் தொழில் கற்றவர்: ஜேம்ஸ் நஸ்மித் (1808 – 1890)

அறிமுகம்

பதுளை, பசறை, மடுல்சீமை, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய பகுதிகளில் வாழும் மாணவர்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலை புதியதன்று. தோட்டத்து மக்கள் ஸ்டோர் என்று அழைக்கும் அக்கட்டடத்தினுள் கொழுந்தை அரைக்கும் ரோலர், உலர்த்தும் இயந்திரம், தூளைத் தரம் பிரிக்கும் சல்லடை என்பன இயங்குகின்றன. பழைய தொழிற்சாலைகளில் ஒரே எஞ்சின் கூரையின் கீழ் ஓடும் நீண்ட இரும்புச் சுழல்தண்டு ஒன்றைச் சுழற்றும். அத்தண்டிலிருந்து இறங்கும் வார்ப்பட்டிகளே எல்லா இயந்திரங்களையும் இயக்கும். சேர் தோமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னையில் கட்டிய தொழிற்சாலையும் அக்காலத்தைச் சேர்ந்ததே.

அந்த இரும்புத் தண்டை அடித்து உருவாக்கியவர் யார்? அதன் திருகாணிகளைக் கடைந்தவர் யார்? அத்தொழிலை அவர்கள் எவ்வாறு கற்றனர்? இவ்வினாக்களுக்கு விடை தேடும்போது நாம் சந்திக்கும் பெயர்களுள் ஒன்று ஜேம்ஸ் நஸ்மித் என்பதாகும். நீராவிச் சம்மட்டியை உருவாக்கிய பொறியியலாளர் என உலகம் அவரை அறியும். ஆனால் வாரம் பத்து ஷில்லிங் சம்பளத்துக்கு ஒரு பட்டறையில் சேர்ந்து தொழில் கற்ற இளைஞர் என்ற வகையிலேயே அவர் நமது கவனத்தை அதிகம் ஈர்க்கிறார். பாடசாலைக் கல்வி முடிந்ததும் என்ன செய்வது என்று எண்ணும் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

பிறப்பும் இளமையும்

ஜேம்ஸ் நஸ்மித் 1808ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் நஸ்மித் புகழ்பெற்ற ஓவியர். ஸ்கொட்லாந்தின் கவிஞர் ரொபர்ட் பேர்ன்ஸின் உருவப்படத்தை வரைந்தவர் அவரே. மூத்த சகோதரர் பட்ரிக்கும் சகோதரிகள் அறுவரும் ஓவியர்களாகவே விளங்கினர். இத்தகைய குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் இரும்பின் பக்கம் திரும்பியமை வியப்பாகத் தோன்றலாம். எனினும் அதற்கான காரணமும் அவ்வீட்டிலேயே இருந்தது. ஓவியரான தந்தைக்கு இயந்திர வேலைகளிலும் பெருவிருப்பம் உண்டு. பாலங்களை வடிவமைப்பதில் ஆர்வம் கொண்டிருந்த அவர், வீட்டில் காலால் மிதித்து இயக்கும் கடைசல் இயந்திரத்துடன் கூடிய சிறு பட்டறை ஒன்றையும் வைத்திருந்தார். மகன் அரத்தையும் உளியையும் பிடிக்கக் கற்றது அங்கேதான்.

பாடசாலையில் நஸ்மித் சிறந்த மாணவர் என்று பெயர் பெறவில்லை. ஏறத்தாழ 12 வயதில் அவர் உயர்நிலைப் பாடசாலையை விட்டு விலகினார். பாடசாலை தந்த பெரிய நன்மை ஒரு நண்பனே. அந்த நண்பனின் தந்தை எடின்பரோவில் இரும்பு வார்ப்புப் பட்டறை ஒன்றை நடத்தி வந்தார. சனிக்கிழமை பிற்பகல்களில் சிறுவன் நஸ்மித் அங்கு சென்று விடுவான். மணலில் அச்சு எடுப்பதையும், உருகிய இரும்பை வார்ப்பதையும், கம்மியர் இரும்பைக் காய்ச்சி அடிப்பதையும் அருகே நின்று பார்த்தான். பார்த்ததோடு நில்லாமல் தானும் கைகொடுத்தான். இரும்பின் நிறத்தைக் கொண்டே அதன் சூட்டை அறிவது போன்ற நுணுக்கங்கள் புத்தகத்தால் வருவனவல்ல. கண்ணாலும் கையாலும் வருவன என்பதை அவன் அங்கு உணர்ந்தான்.

1821இல் எடின்பரோ கலைப் பாடசாலை தொடங்கப்பட்டது. தொழிலாளருக்கு விஞ்ஞானம் கற்பிப்பதற்காக உருவான நிறுவனம் அது. நஸ்மித் 1826 வரை அங்கு மாலை வகுப்புகளில் பயின்றார். நீராவி எஞ்சினின் உட்பகுதியைக் காட்டும் மாதிரி உருவங்களைச் செய்து விற்று, அப்பணத்தைக் கொண்டு பல்கலைக்கழக வகுப்புகளுக்கான கட்டணத்தையும் செலுத்தினார். தமது படுக்கையறையிலேயே உலை அமைத்துப் பித்தளை வார்த்தார். கீழ் அறையில் உறங்கும் தந்தையின் தூக்கம் கலையாமலிருக்கத் தரையில் கம்பளம் விரித்துக்கொண்டு இரவில் வேலை செய்தார். 19 வயதில் நீராவியால் வீதியில் ஓடும் வண்டி ஒன்றையும் அமைத்தார். ஏறக்குறைய எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு அது எடின்பரோவின் வீதிகளில் ஓடியது.

இவ்வளவு திறமை இருந்தும் அவருக்கு ஒரு குறை இருந்தது. முறையாகத் தொழில் கற்பிக்க ஓர் ஆசானும், பெரிய பட்டறையும் அவருக்குக் கிடைக்கவில்லை.

அக்காலத்தில் தொழில் கற்ற முறைகள்

நஸ்மித்தின் வாழ்வைப் புரிந்துகொள்ள, இரும்புத் தொழில் எவ்வாறு கற்பிக்கப்பட்டது என்பதை அறிதல் அவசியம். மூன்று முறைகளை இங்கு குறிப்பிடலாம்.

முதலாவது, தந்தையிடமிருந்து மகன் கற்றல். நமது நாட்டிலும் கம்மாலைத் தொழில் தலைமுறை தலைமுறையாக இவ்வாறே வந்தது. அப்புத்தளை மலைத்தொடருக்குத் தெற்கே, பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவௌ பகுதியில் கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கிய இரும்பு உலைகளைத் தொல்லியலாளர் கண்டறிந்துள்ளனர். பருவக்காற்று நேரே வந்து வீசும் மேற்குச் சரிவுகளில் அவை அமைக்கப்பட்டிருந்தன. காற்றே அவற்றுக்குத் துருத்தியாயிற்று. எழுத்தில் இடம்பெறாத அத்தொழில் நுட்பம் கையிலிருந்து கைக்கே கடத்தப்பட்டது.

இரண்டாவது, பணம் கொடுத்துக் கற்றல். இங்கிலாந்தில் வசதியுள்ள பெற்றோர் பட்டறை உரிமையாளருக்குப் பெருந்தொகையைப் பயிற்சிப் பணமாகச் செலுத்தி, உடன்படிக்கை எழுதித் தம் பிள்ளைகளைச் சேர்ப்பர். 1563ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஏழாண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருந்தது. 1814இல் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. ஆனாலும் ஏழாண்டு வழக்கம் தொழிலாளரிடையே தொடர்ந்தது.

மூன்றாவது, சம்பளம் பெற்றுக்கொண்டே கற்றல். பயிலுபவர் தொழிற்கூடத்துக்குப் பயன்படும் வேலையைச் செய்வார். அதற்குச் சிறு சம்பளம் பெறுவார். வேலையின் ஊடாகவே தொழிலையும் கற்பார். நஸ்மித்துக்குக் கிடைத்தது இந்த மூன்றாவது வழியாகும்.

ஹென்றி மொட்ஸ்லியிடம் சேர்தல்

அக்காலத்தில் இலண்டன் லம்பெத் பகுதியில் இருந்த ஹென்றி மொட்ஸ்லியின் தொழிற்கூடம் உலகின் தலைசிறந்த இயந்திரப் பட்டறையாக மதிக்கப்பட்டது. மொட்ஸ்லி 1771இல் வூல்விச் என்னும் ஊரில் பிறந்தவர். 12 வயதில் அரச ஆயுதசாலையில் தோட்டாக்களுக்கு மருந்து நிரப்பும் வேலையில் சேர்ந்தார். பின்னர் தச்சுப் பட்டறைக்கும், 15 வயதில் கம்மாலைக்கும் மாறினார். 18 வயதில் பூட்டுத் தயாரிப்பாளரான ஜோசப் பிராமாவிடம் வேலை தேடிச் சென்றார். ஏழாண்டுப் பயிற்சி பெறாத இளைஞனைச் சேர்க்கலாமா என்ற ஐயம் அங்கு எழுந்தது. தேய்ந்துபோன வைஸ் ஒன்றை அன்று மாலை மணி அடிக்குமுன் திருத்திக் காட்டி அவர் அந்த ஐயத்தைப் போக்கினார் என்று கூறப்படுகிறது. அப்பட்டறையின் தலைமைக் கம்மியராக உயர்ந்த பின்பும் அவரது சம்பளம் வாரம் 30 ஷில்லிங்காகவே இருந்தது. 1797இல் அவர் சம்பள உயர்வு கேட்டார். மறுக்கப்பட்டதும் விலகிச் சொந்தப் பட்டறை அமைத்தார்.

1829ஆம் ஆண்டு மே மாதத்தில் நஸ்மித் தம் தந்தையுடன் கப்பலில் இலண்டன் சென்றார். தாமே வரைந்த இயந்திரப் படங்களையும், தாமே செய்த சிறு நீராவி எஞ்சினையும் உடன் எடுத்துச் சென்றார். மொட்ஸ்லி அவர்களை அன்புடன் வரவேற்றார். ஆயினும் பணம் பெற்று மாணவரைச் சேர்க்கும் வழக்கத்தைத் தாம் கைவிட்டுவிட்டதாகத் தெரிவித்தார். பணம் கட்டிச் சேர்ந்த செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் நேரத்துக்கு வராமலும் கையை அழுக்காக்க விரும்பாமலும் பட்டறையின் ஒழுங்கையே கெடுத்துவிட்டனர் என்பது அவரது அனுபவம்.

நஸ்மித்தின் மனம் சோர்ந்தது. எனினும் பட்டறையைச் சுற்றிப் பார்க்க அனுமதி கிடைத்தது. கொதிகலனின் அடியிலிருந்து சாம்பலை வாரிக் கொண்டிருந்த தொழிலாளி ஒருவரைக் கண்டபோது, அந்த வேலை கிடைத்தாலும் தமக்குப் போதும் என்று அவர் கூறினார். மொட்ஸ்லி அவரை உற்று நோக்கினார். இந்த இளைஞன் முன்னர் வந்தவர்களைப் போன்றவன் அல்லன் என்று கண்டுகொண்டார். மறுமுறை வந்தபோது படங்களையும் எஞ்சினையும் ஆராய்ந்து பார்த்தார். இத்தகைய வேலை தெரிந்தவருக்கு உடன்படிக்கைப் பயிற்சி தேவையில்லை எனத் தீர்மானித்துத் தமது தனிப்பட்ட பட்டறையில் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார்.

பத்து ஷில்லிங் வாழ்க்கை

சம்பளம் பற்றிப் பேசும்போது வாரம் பத்து ஷில்லிங் போதும் என்று நஸ்மித்தே கேட்டுக்கொண்டார். இலண்டனில் வாழ்வதற்கு அது மிகவும் குறைந்த தொகையாகும். ஆயினும் தந்தைக்கு இனிமேல் ஒரு பென்னிகூடச் செலவு வைப்பதில்லை என்று அவர் உறுதி பூண்டிருந்தார். வாடகை அறைக்கு வாரம் மூன்றரை ஷில்லிங் போயிற்று. எஞ்சிய ஆறரை ஷில்லிங்கில் உணவையும் பிற தேவைகளையும் சமாளிக்க வேண்டியிருந்தது.

கடைச் சாப்பாடு கட்டுப்படியாகவில்லை. ஆகவே எண்ணெய் விளக்கின் சிறு சுடரில் மெதுவாக வேகவைக்கும் அடுப்பு ஒன்றைத் தாமே வடிவமைத்துத் தகரத்தில் செய்வித்தார். காலையில் இறைச்சியும் கிழங்கும் வெங்காயமும் இட்டு விளக்கை ஏற்றி வைத்துவிட்டு வேலைக்குச் செல்வார். மாலையில் திரும்பும்போது உணவு தயாராக இருக்கும். அடுத்த ஆண்டு சம்பளம் 15 ஷில்லிங்காக உயர்ந்தது. அதன் பின்னரே அவர் பாணுக்கு வெண்ணெய் பூசிச் சாப்பிடத் தொடங்கினார்.

இதனை வறுமையின் கதையாக மட்டும் கருதலாகாது. பணம் கட்டிச் சேர்ந்தவருக்கும் சம்பளம் பெற்றுச் சேர்ந்தவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு இங்கேதான் புலப்படுகிறது. பணம் கட்டியவர் பட்டறையின் வாடிக்கையாளர். அவர் வேலை செய்யாவிட்டாலும் எவரும் கேட்பதற்கில்லை. சம்பளம் பெறுபவரோ பட்டறையின் தொழிலாளி. அவருடைய வேலை மற்றவரின் வேலையோடு பொருந்தியாக வேண்டும். அந்தப் பத்து ஷில்லிங் நஸ்மித்தைப் பட்டறையின் உரிமையுள்ள உறுப்பினர் ஆக்கியது.

அங்கு அவர் கற்றவை

மொட்ஸ்லி பட்டறையில் நஸ்மித் கற்ற முதற்பாடம் துல்லியம் என்பதாகும். அதற்கு முன்னர் ஒவ்வொரு கம்மியரும் தம் விருப்பப்படி திருகாணிகளைச் செய்தனர். ஓர் ஆணிக்குரிய சுரை இன்னோர் ஆணிக்குப் பொருந்தாது. இயந்திரத்தைப் பிரித்தால் எது எதற்குரியது என்று அடையாளமிட்டு வைக்க வேண்டும். திருகாணி வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செம்மைப்படுத்திய மொட்ஸ்லி, அவற்றின் அளவுகளைத் தமது பட்டறையில் ஒழுங்குபடுத்தினார். நஸ்மித் முதலில் உதவிய வேலைகளுள் திருகாணி வெட்டும் பொறியைத் திருத்தியமைப்பதும் ஒன்றாகும்.

இரண்டாவது பாடம் சமதளம். வேலை மேசைகளில் முற்றிலும் சமமான இரும்புப் பலகைகள் வைக்கப்பட்டிருந்தன. தாம் அராவிய பரப்பை அவற்றின்மீது வைத்துத் தொழிலாளர் தாமே சோதித்துக் கொள்வர். மொட்ஸ்லியிடம் இருந்த நுண்ணளவுக் கருவிக்கு லோர்ட் சான்சலர் என்ற நீதிபதிப் பெயரே வழங்கியது. அளவைப் பற்றிப் பிணக்கு எழுந்தால் இறுதித் தீர்ப்பு அதனுடையது.

மூன்றாவது பாடம் சிக்கனமான சிந்தனை. பெரிய கப்பல் எஞ்சின் ஒன்றின் மாதிரியைச் செய்யும்போது நூற்றுக்கணக்கான சிறு அறுகோணச் சுரைகள் தேவைப்பட்டன. அவற்றை ஒவ்வொன்றாக அரத்தால் அராவுவதற்குப் பதிலாக, வரிசையாக வெட்டும் சிறு பொறி ஒன்றை நஸ்மித் அமைத்தார். கையால் செய்து களைத்தவருக்கே இயந்திரத்தின் தேவை தெரியும் என்பதற்கு இது தக்க உதாரணமாகும்.

1830 செப்டம்பரில் லிவர்பூல் – மன்செஸ்டர் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. நஸ்மித் விடுமுறை பெற்று அதனைப் பார்க்கச் சென்றார். திரும்பும் வழியில் தொழிற்சாலை நகரங்களையும் இரும்பு உலைகளையும் நடந்தே சென்று பார்த்தார். 1831 பெப்ரவரி 14ஆம் திகதி மொட்ஸ்லி காலமானார். நஸ்மித் மேலும் சில மாதங்கள் அங்கு பணிபுரிந்து, அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் விலகினார். ஜோசப் விட்வேர்த், ரிச்சர்ட் ரொபர்ட்ஸ், ஜோசப் கிளெமென்ட் போன்ற புகழ்மிக்க பொறியியலாளரும் மொட்ஸ்லியிடம் வேலை செய்து பயின்றவர்களே.

சொந்தப் பட்டறை

எடின்பரோ திரும்பிய நஸ்மித் முதலில் தமக்குத் தேவையான கருவிகளைத் தாமே செய்துகொண்டார். 1834இல் 63 பவுண் மூலதனத்துடன் மன்செஸ்டர் சென்று, பழைய ஆலைக் கட்டடம் ஒன்றின் மாடியை வாடகைக்கு எடுத்தார். கீழே கண்ணாடி வெட்டும் ஒருவரின் கடை இருந்தது. ஒருநாள் கனத்த எஞ்சின் உறுப்பொன்று தளத்தை உடைத்துக்கொண்டு அக்கடையினுள் புகுந்தது. இனியும் மாடியில் தொழில் நடத்துவது இயலாது என்பது தெளிவாயிற்று. 1836இல் மன்செஸ்டருக்கு அண்மையிலுள்ள பற்றிக்றொவ்ற் என்னுமிடத்தில், கால்வாயும் புகையிரதப் பாதையும் சந்திக்கும் நிலத்தில், பிரிட்ஜ்வோட்டர் வார்ப்பகத்தை நிறுவினார்.

1838இல் அவர் அமைத்த பாதுகாப்பு வார்ப்புக்கலம் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. உருகிய இரும்பைச் சுமக்கும் பெருங்கலத்தை அதுவரை பலர் சேர்ந்து நீண்ட கம்புகளால் சரித்து ஊற்றினர். ஒருவர் கால் இடறினாலும் தொழிலாளர் உடல் கருகும் ஆபத்து இருந்தது. நஸ்மித் கலத்தின் பக்கத்தில் பற்சில்லையும் திருகையும் இணைத்தார். இதனால் ஓரிருவரே கலத்தைச் சிறிது சிறிதாகச் சரிக்க முடிந்தது. கை விட்டாலும் கலம் கவிழாது. இக்கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. வார்ப்பகங்கள் யாவும் பயன்படுத்தட்டும் என்று படங்களை அனுப்பி வைத்தார். சிறுவயதில் வார்ப்புப் பட்டறையில் அருகே நின்று பார்த்தவருக்கு அந்த ஆபத்து நன்கு தெரிந்திருந்தது.

நீராவிச் சம்மட்டி

1839இல் கிரேட் பிரிட்டன் என்னும் பெருங்கப்பலைக் கட்டியோர் ஒரு சிக்கலில் அகப்பட்டனர். கப்பலின் துடுப்புச் சில்லுகளைச் சுழற்ற ஏறத்தாழ 30 அங்குல விட்டமுள்ள இரும்புத் தண்டு தேவைப்பட்டது. அதனை அடித்து உருவாக்கத்தக்க சம்மட்டி எங்கும் இருக்கவில்லை.

அன்றைய பெருஞ்சம்மட்டிகள் ஒரு முனையில் பொருத்தப்பட்டு மறுமுனையில் உயர்ந்து விழுவன. அவை உயரும் அளவு சிறியது. பட்டடைக்கல்லின் மேல் பருமனான இரும்பை வைத்தால் சம்மட்டி விழுவதற்கான இடைவெளி மேலும் குறையும். அதாவது பெரிய இரும்புக்குப் பலத்த அடி தேவைப்படும்போதுதான் மிகவும் மெலிந்த அடி கிடைக்கும்.

இச்சிக்கலை விளக்கும் கடிதம் நஸ்மித்துக்குக் கிடைத்தது. 1839 நவம்பர் 24ஆம் திகதி அவர் தமது குறிப்பேட்டில் ஒரு படம் வரைந்தார். பட்டடைக்கல்லுக்கு நேர்மேலே நீராவி உருளை, அதனுள் முசலம், முசலத் தண்டின் கீழ்முனையில் கனத்த இரும்புக்கட்டி. நீராவி உள்ளே சென்றால் கட்டி மேலெழும். நீராவியை வெளியேற்றினால் தன் எடையாலேயே கீழே விழும். நீராவியை விடும் அளவைக் கொண்டு அடியின் வலிமையைக் கட்டுப்படுத்தலாம்.

ஆயினும் அக்கப்பலுக்குத் துடுப்புச் சில்லுக்குப் பதிலாகத் திருகு உந்தி பொருத்தத் தீர்மானிக்கப்பட்டது. பெருந்தண்டின் தேவை அற்றுப்போனதால் சம்மட்டியும் படமாகவே நின்றது. பிரான்சின் லெ க்ரூசோ இரும்பாலையைச் சேர்ந்தவர்கள் பற்றிக்றொவ்றுக்கு வந்தபோது அப்படத்தைப் பார்த்தனர். 1842இல் நஸ்மித் லெ க்ரூசோ சென்றபோது அங்கு நீராவிச் சம்மட்டி ஒன்று வேலை செய்துகொண்டிருப்பதைக் கண்டார். உடனே நாடு திரும்பி அவ்வாண்டு ஜூன் மாதத்தில் காப்புரிமை பெற்றார். அங்கிருந்த பொறியியலாளர் பூர்டோன் அதனைத் தாமே தனித்து உருவாக்கியதாகப் பிரான்ஸ் நாட்டவர் கூறினர். முதலில் சிந்தித்தவர் யார் என்ற விவாதம் நீண்டகாலம் தொடர்ந்தது. சம்மட்டி தானாக இயங்குவதற்கான பொறிமுறையைச் செம்மைப்படுத்தியவர் நஸ்மித்தின் தொழிற்கூட முகாமையாளர் ரொபர்ட் வில்சன் என்பதையும் மறத்தலாகாது.

சம்மட்டியின் சிறப்பைக் காட்ட ஒரு விளையாட்டு வழக்கமாயிற்று. மதுக்கிண்ணத்தில் முட்டையை வைத்து, கிண்ணம் உடையாமல் முட்டை ஓட்டை மாத்திரம் உடைப்பர். அடுத்த அடியில் கட்டடமே அதிரும். இதே தத்துவத்தைக் கொண்டு நிலத்தில் மரத்தூண்களை இறக்கும் பொறியையும் நஸ்மித் அமைத்தார். 1845இல் டெவன்போர்ட் துறைமுகத்தில் நடந்த போட்டியில் அது ஒரு தூணை நாலரை நிமிடத்தில் இறக்கியது. பழைய முறையில் அதே வேலைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் சென்றது.

இதன் பின்னரே பெரிய சுழல்தண்டுகளையும் நங்கூரங்களையும் எளிதாக உருவாக்க முடிந்தது. நமது மலைநாட்டில் 1880களிலும் 1890களிலும் தேயிலைத் தொழிற்சாலைகள் பெருகியபோதும், 1924இல் புகையிரதம் பதுளையை அடைந்தபோதும், கனமான இரும்புறுப்புகளை அடித்து உருவாக்கும் கலை உலகெங்கும் நன்கு வளர்ந்திருந்தது. அவ்வளர்ச்சியில் நஸ்மித்துக்கு முக்கிய பங்குண்டு.

பயிலுநர் பற்றிய பிணக்கு

நஸ்மித்தின் வாழ்வில் பாராட்டுக்குரிய பக்கமும் விவாதத்துக்குரிய பக்கமும் உண்டு. பரீட்சையில் விடை எழுதும் மாணவர் இரண்டையும் எடுத்துக்காட்ட வேண்டும்.

1836இல் அவரது தொழிற்கூடத்தில் வேலைநிறுத்தம் ஏற்பட்டது. ஏழாண்டுப் பயிற்சி பெற்றவர்களையே கம்மியராக நியமிக்க வேண்டும் என்று தொழிற்சங்கம் கோரியது. திறமை உள்ளவரை, அவர் எவ்வாறு கற்றிருந்தாலும், உயர்த்துவேன் என்று நஸ்மித் மறுத்தார். ஸ்கொட்லாந்திலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளரை வரவழைத்து வேலையைத் தொடர்ந்தார். அதன் பின்னர் சாதாரணத் தொழிலாளரையும் சிறுவரையும் சம்பளத்துக்குச் சேர்த்து, திறமைக்கேற்ப உயர்த்தும் முறையைப் பின்பற்றினார். உடன்படிக்கை இல்லாததால் சிறுவர் விரும்பியபோது விலகிச் செல்லலாம்; சோம்பேறிகளை அவரும் நீக்கலாம்.

தமது வாழ்க்கை அனுபவத்தின்படி பார்த்தால் நஸ்மித்தின் நிலைப்பாடு நியாயமாகத் தோன்றும். உடன்படிக்கை இன்றியே அவர் தொழில் கற்றார். ஆனால் தொழிலாளரின் அச்சத்துக்கும் காரணம் இருந்தது. குறைந்த சம்பளத்துக்குச் சிறுவரைச் சேர்த்து, ஓர் இயந்திரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளப் பழக்கினால், முழுத்தொழிலும் கற்ற கம்மியருக்கு வேலை இல்லாது போகும். அச்சிறுவரும் முழுத்தொழிலைக் கற்கமாட்டார். 1860களின் இறுதியில் தொழிற்சங்கங்களை ஆராய்ந்த அரச ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தபோது, தானியங்கு இயந்திரங்களால் வளர்ந்த தொழிலாளரின் தொகையை 1500இலிருந்து 750ஆகக் குறைத்ததையும், இலாபம் பெருகியதையும் நஸ்மித் ஒப்புக்கொண்டார். கார்ல் மார்க்ஸ் தமது மூலதனம் என்னும் நூலில் இதனை எடுத்துக்காட்டினார்.

எனவே சம்பளத்துடன் கூடிய பயிற்சி என்பது இருபுறமும் கூர்மையுள்ள கருவி எனலாம். மொட்ஸ்லியின் பட்டறையில் நஸ்மித் பெற்றது குறைந்த சம்பளம். ஆனால் ஆசானின் அருகே நின்று முழுத்தொழிலையும் கற்றார். கற்பித்தல் நீங்கிச் சம்பளக் குறைவு மட்டும் எஞ்சினால் பயிற்சி என்ற பெயர் மலிவான கூலிவேலைக்கு மறைப்பாகிவிடும்.

இறுதிக் காலம்

நஸ்மித் 1856இன் இறுதியில், தமது 48ஆவது வயதில் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். கென்ற் மாவட்டத்தில் வாங்கிய வீட்டுக்குச் சம்மட்டியை நினைவூட்டும் வகையில் ஹெமர்பீல்ட் என்று பெயரிட்டார். தாமே செய்த தொலைநோக்கியால் சந்திரனை ஆராய்ந்தார். ஜேம்ஸ் கார்பென்டருடன் இணைந்து சந்திரனைப் பற்றிய நூலை 1874இல் வெளியிட்டார். அவரது தன்வரலாறு 1883இல் வெளிவந்தது. 1890 மே 7ஆம் திகதி இலண்டனில் காலமானார். சந்திரனிலுள்ள பள்ளம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இவ்வரலாறு நமக்குத் தரும் பாடம்

இலங்கையில் பயிலுநர் பயிற்சியை ஒழுங்குபடுத்த 1971ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அப்பணி தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. பொருத்துநர், உருக்கி ஒட்டுநர், கடைசல் இயந்திர இயக்குநர் போன்ற தொழில்களைப் பயிலுநராகச் சேர்ந்து கற்கலாம். தேசிய தொழில்சார் தகைமைச் சான்றிதழ் வேறொரு தொழிற்கூடத்திலும் வேறொரு நாட்டிலும் திறமைக்குச் சாட்சியாகும்.

தோட்டத்தில் வளரும் ஒரு மாணவருக்கு இது சிறிய விடயமன்று. பெற்றோரின் நாட்சம்பளத்தில் பயிற்சிக் கட்டணம் செலுத்துவது கடினம். பணம் பெற்றுக்கொண்டே கற்கும் வழி இருந்தால் அவர் குடும்பத்துக்குச் சுமையாகமாட்டார். ஆனால் சேருமுன் நான்கு விடயங்களைக் கேட்டறிதல் வேண்டும்: எழுத்திலான உடன்படிக்கை உண்டா? முழுத்தொழிலும் கற்பிக்கப்படுமா, அல்லது ஒரே வேலையா? கற்பிக்கும் பாஸ் யார்? முடிவில் மதிப்புள்ள சான்றிதழ் கிடைக்குமா? இந்நான்குக்கும் தக்க விடை கிடைக்குமாயின், முதல் சம்பளம் சிறிதாயினும் அது நல்ல தொடக்கமே.

நினைவில் வைக்க வேண்டிய ஆண்டுகள்

1808 – எடின்பரோவில் பிறப்பு
1821 – 1826 – எடின்பரோ கலைப் பாடசாலையில் கல்வி
1829 – மொட்ஸ்லியிடம் சேர்தல்
1831 – மொட்ஸ்லி மறைவு, எடின்பரோ திரும்புதல்
1836 – பிரிட்ஜ்வோட்டர் வார்ப்பகம், வேலைநிறுத்தம்
1838 – பாதுகாப்பு வார்ப்புக்கலம்
1839 – நீராவிச் சம்மட்டியின் முதற்படம்
1842 – காப்புரிமை
1856 – ஓய்வு
1890 – மறைவு

அருஞ்சொற்கள்

கம்மாலை – கொல்லர் வேலை செய்யும் இடம்
பட்டடைக்கல் – காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் இரும்புக்கட்டி
முசலம் – உருளையினுள் மேலும் கீழும் இயங்கும் உறுப்பு (பிஸ்டன்)
சுரை – திருகாணியில் பூட்டும் உறுப்பு (நட்)
காப்புரிமை – கண்டுபிடிப்பைப் பயன்படுத்தும் தனியுரிமை

பயிற்சி வினாக்கள்

1. நஸ்மித் காலத்தில் இரும்புத் தொழிலைக் கற்ற மூன்று முறைகளையும் குறிப்பிடுக.
2. மொட்ஸ்லி பணம் பெற்று மாணவரைச் சேர்ப்பதைக் கைவிட்டமைக்குக் காரணம் யாது?
3. பழைய பெருஞ்சம்மட்டிகளின் குறைபாட்டையும், நீராவிச் சம்மட்டி அதனை நீக்கிய விதத்தையும் விளக்குக.
4. பாதுகாப்பு வார்ப்புக்கலம் தொழிலாளருக்கு அளித்த நன்மைகள் இரண்டு தருக.
5. 1836ஆம் ஆண்டுப் பிணக்கில் தொழிற்சங்கத்தின் கருத்தையும் நஸ்மித்தின் கருத்தையும் ஒப்பிட்டு, உமது முடிவைக் காரணங்களுடன் எழுதுக.
6. சம்பளத்துடன் தொழில் கற்றல் மலையக இளைஞருக்கு எவ்வாறு உதவும் என்பது பற்றி 200 சொற்களில் கட்டுரை வரைக.